சிம்ஸ் வீட்டுக்கு ஒரு கண்ணாடி பீரோ

வீடு கட்டி மனிதர்களை வாழவைக்கும் சிம்ஸ் 3 என்ற கணினி விளையாட்டுக்குள் ஒரு நடுத்தரத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டைக் கட்டுவது பெரிய வேலையில்லை. சிவப்புத் தரை, திண்ணை, சுண்ணாம்புச் சுவர் எல்லாவற்றையும் கையில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். படுக்கையறைக்குள் போகும்போதுதான் இடிக்கும். சீர்வரிசையோடு வந்து இறங்கி, மூலையைப் பிடித்துக்கொண்டு, நகையிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் விழுங்கி வைத்திருக்குமே, அந்த இரும்பு பீரோ அங்கே கிடையாது. விளையாட்டு 2009-இல் வந்தது. அதன் பிறகு வந்த தொகுப்புகளில் உடை அலமாரிகள் விதவிதமாகச் சேர்ந்தன. இடது கதவில் நீளக் கண்ணாடி பதித்த பீரோ மட்டும் சேரவில்லை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

சிம்ஸ் 4 இருக்கும்போது ஏன் பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கலாம். சிம்ஸ் 3-இல் ஒரு பொருளின் நிறத்தையும் பேட்டர்னையும் விளையாடுகிறவரே மாற்றிக்கொள்ள முடியும். பீரோவுக்கு அது முக்கியம். ஒரு வீட்டில் சாம்பல், இன்னொரு வீட்டில் பாசிப்பச்சை, மூன்றாவது வீட்டில் காபி நிறம். ஒவ்வொன்றையும் நான் தனியாகச் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும். ஒரே பீரோவில் கண்ணாடியும் மின்னுகிறது, கைப்பிடியும் மின்னுகிறது, பெயிண்டும் மின்னுகிறது. ஆனால் விளையாட்டு இவற்றை ஒரே மாதிரி வரைவதில்லை. கண்ணாடிக்கு ஃப்ளாட்மிரர் என்ற ஷேடர், அதாவது ஒரு பரப்பை எப்படி வரைவது என்று சொல்லும் சிறு நிரல். அது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமராவை நிறுத்தியது போல அறை முழுவதையும் இன்னொரு முறை வரைந்து அந்தப் பரப்பில் ஒட்டுகிறது. அதனால்தான் சிம், அதாவது விளையாட்டில் வாழும் மனிதன், முன்னால் போய் நின்றால் அவனே தெரிகிறான். கைப்பிடிக்கும் பெயிண்டுக்கும் ஃபாங் ஷேடர். வியட்நாமில் பிறந்த பூய் துவோங் ஃபாங் 1975-இல் வெளியிட்ட ஒளிக் கணக்கிலிருந்து வந்த பெயர் அது. விளக்கு வெளிச்சம் பட்டால் எங்கே பளீரிடும் என்று அது கணக்குப் போடும். குரோமியம் மாதிரித் தெரிவதற்கு, முன்பே தயாரித்து வைத்த சுற்றுப்புறப் படம் ஒன்றை லேசாக மேலே பூசும். எதிரே சிவப்பு சோபா இருந்தாலும் கைப்பிடியில் சிவப்பு தெரியாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம், கட்டைவிரல் அளவு கைப்பிடியில் யாரும் சோபாவைத் தேடப்போவதில்லை.

புதுப் பொருள் என்று எதையும் வெறுங்கையோடு தொடங்க முடியாது. விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை நகலெடுத்து, அதாவது குளோன் எடுத்து, அதன் உடம்பை மாற்ற வேண்டும். நான் இதற்கு, சிம்ஸ் 3 பொருட்களைச் செய்ய உதவும் டிஎஸ்ஆர் ஒர்க்‌ஷாப்பைப் பயன்படுத்தினேன். மெஷ் என்கிற, முக்கோணங்களால் ஆன முப்பரிமாண வடிவத்துக்கு பிளெண்டர், படங்களுக்கு கிம்ப், கோப்பின் உள்ளே புகுந்து நோண்டுவதற்கு எஸ்3பிஇ. எல்லாமே காசு கொடுக்காமல் கிடைப்பவை.

பீரோ என்றதும் உடை அலமாரியைக் குளோன் எடுக்கத்தான் கை போகும். அதை எடுத்தால் சிம்கள் துணி மாற்றும், உடைகளைத் திட்டமிடும். ஆனால் அதற்குள் கண்ணாடிக்கான மெஷ் குரூப், அதாவது தனி ஷேடரோடு இருக்கும் மெஷ் துண்டு, இருக்காது. நிலைக்கண்ணாடியை எடுத்தால் கண்ணாடி தயாராக இருக்கிறது. அதன் முன் நின்று பேச்சுப் பழகலாம், முடியையும் ஒப்பனையையும் மாற்றலாம், துணி மட்டும் மாற்ற முடியாது. பிரதிபலிப்பது ஷேடரின் வேலை. சிம் அங்கே என்ன செய்யலாம் என்பது பொருளின் கோப்பில் உள்ள ஓபிஜேகே என்ற பகுதியில் எழுதியிருக்கும் ஸ்கிரிப்டின் வேலை. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒர்க்‌ஷாப்பில் புதிதாக ஒரு குரூப்பைச் சேர்ப்பது பிடுங்கல் பிடித்த வேலை என்பதால் நிலைக்கண்ணாடியையே எடுத்தேன். நம் வீடுகளிலும் பீரோ முன்னால் நின்று தலை சீவுகிறவர்கள்தானே அதிகம்.

அளவுக்கு வேறெங்கும் போகவில்லை, வீட்டு பீரோவில் டேப்பை வைத்துப் பார்த்தேன். உயரம் 78 அங்குலம், அகலம் 36, ஆழம் 19. விளையாட்டின் தரைக் கட்டம் ஒன்று ஒரு மீட்டர் என்பதால் மீட்டரில் மாற்றினால் நேராக உட்காரும்: 1.98, 0.91, 0.48. ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடி ஓரடி அகலம், நாலடி உயரம்.

ஆனால் பீரோவைக் கட்டத்தின் நட்ட நடுவில் நிறுத்தக் கூடாது. நிலைக்கண்ணாடியின் முன்னால் சிம் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது பொருளின் மையப்புள்ளியிலிருந்து கணக்கிட்டு முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. நான் எடுத்த நிலைக்கண்ணாடியில் கண்ணாடிப் பரப்பு ஏறக்குறைய கட்டத்தின் நடுவில் இருந்தது. பீரோவை நடுவில் நிறுத்தினால் அதன் கதவு கால் மீட்டர் முன்னே வந்துவிடும். சிம் கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும். அதனால் பழைய கண்ணாடி இருந்த இடத்திலேயே புதுக் கண்ணாடியை நிறுத்தி, பீரோவின் உடம்பை முழுக்கப் பின்னால் தள்ளினேன். முதுகு கட்டத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சுவரோடு ஒட்டி வைத்தால் நிஜ பீரோ மாதிரியே இருக்கிறது. அப்புறம் எஃப்டிபிடி பகுதியில் பொருள் தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று குறிக்கும் புள்ளிகளை இந்த அளவுக்கு இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சிம்கள் பீரோவின் பக்கவாட்டுத் தகட்டுக்குள் கால் வைத்து நடந்து போகும்.

பிளெண்டரில் உடம்பு செய்வது சாதாரணப் பெட்டி வேலைதான். நான்கு கால் ஸ்டாண்டு, இரண்டு கதவு, நடுவில் கதவுகள் சேரும் கோடு, வலது கதவில் கைப்பிடியும் சாவித் துவாரமும். பிளெண்டரில் இசட் அச்சு மேல்நோக்கி இருக்கும், விளையாட்டில் ஒய். வெளியே எடுக்கும்போது இதைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

கண்ணாடி குரூப்புக்குத்தான் கவனம் வேண்டும். அது ஒரே தளத்தில் இருக்க வேண்டும். எல்லா நார்மலும், அதாவது பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லும் கோடுகளும், நேர் முன்னால் பார்க்க வேண்டும். ஓரங்களை மழமழவென்று காட்டும் ஸ்மூத் ஷேடிங்கில் விட்டால் நார்மல்கள் சாயும், அப்படிச் சாய்ந்ததை விளையாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கதவுத் தகட்டை விடக் கண்ணாடி அரை சென்டிமீட்டராவது முன்னால் இருக்கட்டும். கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் தகட்டை வெட்டி எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது, முக்கோணங்களும் மிச்சம்.

இவ்வளவையும் முடித்து, விளையாட்டில் வைத்து, விளக்கைப் போட்டு, ஒரு சிம்மைக் கொண்டுவந்து நிறுத்தினேன். துல்லியமாகப் பிரதிபலித்தது. பின்னால் இருந்து பார்த்த அக்கா கேட்டாள்:

“என்னடா, பீரோவுல ஜன்னல் வச்சிருக்க?”

“ஜன்னல் இல்லக்கா, கண்ணாடி.”

“அந்தப் பக்கம் இன்னொரு ரூம் இருக்கிற மாதிரில்ல இருக்கு.”

அவள் சொன்னது சரி. ஃப்ளாட்மிரர் தரும் கண்ணாடி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. தூசி இல்லை, கைரேகை இல்லை, விளிம்பு இல்லை. எந்தக் குறையும் இல்லாத பிரதிபலிப்பைக் கண் கண்ணாடியாக எடுத்துக்கொள்வதில்லை, பெட்டியில் போட்ட ஓட்டையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இங்கே ஒரு பரப்பு இருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்ல, பிரதிபலிக்காத சில பொருட்கள் அதன் மேலும் சுற்றிலும் வேண்டும். ஷேடர் தானாகவே செய்துவிடும் பகுதியில் நான் நேரம் போட்டிருந்தேன். பாக்கி வேலை முழுக்க மங்கல் சேர்க்கிற வேலை.

முதலில் விளிம்பு. பீரோக் கண்ணாடியைச் சுற்றி மெல்லிய பீடிங் இருக்கும். அதைக் கண்ணாடியை விட முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும்படி உடம்பு குரூப்பிலேயே செய்தேன். துருத்துவதால் அதன் உட்பக்கம் கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. அந்த இரட்டைக் கோடு ஒன்றே பாதிக் காரியத்தை முடித்துவிட்டது. பீடிங்குக்கு உள்ளே ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டை தீட்டின ஓரம். நிஜத்தில் அந்தப் பட்டையில் பிம்பம் உடைந்து தெரியும். ஃப்ளாட்மிரரில் அது நடக்காது, அதற்கு ஒரே தளம்தான் தெரியும். அதனால் அந்தப் பட்டையைக் கண்ணாடி குரூப்பிலிருந்து வெட்டி உடம்பு குரூப்புக்கு மாற்றி, வெளிர் சாம்பல் பூசி, சற்றே சாய்த்துவிட்டேன். கேமரா நகரும்போது ஒரு பக்கப் பட்டை மட்டும் பளிச்சென்று மின்னி அடங்குகிறது. ஏமாற்று வேலைதான், ஆனால் எடுபடுகிறது.

அடுத்தது ரசம் போன மூலை. பத்து இருபது வருஷம் ஆன எந்த பீரோவிலும் கீழ் மூலையில் ரசம் போய்க் கறுப்புத் திட்டு இருக்கும். அதை டெக்ஸ்சரில், அதாவது பரப்பின் மேல் ஒட்டும் படத்தில், வரையலாம் என்றால், பிரதிபலிக்கும் பரப்பின் மேல் நான் வரைவது எதுவும் நிற்பதில்லை. மேலே ஒரு ஒளி ஊடுருவும் அடுக்கு போடலாம், அதற்குத் தனி குரூப் வேண்டும், நம்மிடம் இல்லை. அதனால் கத்தியால் வெட்டுவது போல மூலையையே வெட்டினேன். கண்ணாடி மெஷ்ஷின் கீழ் மூலையில் கோணல்மாணலாகச் சில புள்ளிகளைச் சேர்த்து அந்தத் துண்டைப் பிரித்து உடம்பு குரூப்பில் சேர்த்தேன். பழுப்பும் கறுப்பும் கலந்த நிறம், பளபளப்பு பூஜ்யம். இரண்டும் ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மினுங்கும் பிரச்சினை இல்லை. வெட்டு நேர்கோடாக இருந்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். பல் பல்லாக, ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும்.

அக்கா மறுபடி வந்து பார்த்தாள். “எல்லாம் சரி, பொட்டு எங்கடா?” என்றாள்.

அது எப்படி விட்டுப்போகும் என்று சிரிப்புத்தான் வந்தது. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாத பீரோக் கண்ணாடி எந்த வீட்டில் இருக்கிறது? ராத்திரி கழற்றிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினது, மறுநாள் மறந்துபோனது, பசை போனது, சின்னது, பெரியது, எல்லாம் ஒரு வரிசையில்லாமல் முகம் வரும் உயரத்தில் இருக்கும்.

ஒரு பொட்டு என்பது எட்டுப் பக்கத் தட்டு. எட்டுப் புள்ளி, ஆறு முக்கோணம், அவ்வளவே. விளையாட்டின் தூரத்திலிருந்து பார்த்தால் எட்டுப் பக்கமும் வட்டமாகத்தான் தெரியும். இதையும் உடம்பு குரூப்பில் சேர்த்து, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். எவ்வளவு முன்னால் என்பதில்தான் விஷயம். ஒரு மில்லிமீட்டர் விட்டால், கேமரா அருகில் இருக்கும்வரை நன்றாக இருக்கும். தூரம் போனதும் பொட்டு கண் சிமிட்டத் தொடங்கும். தூரம் கூடக் கூட ஆழத்தைப் பிரித்தறியும் நுணுக்கம் விளையாட்டுக்குக் குறைந்துபோகும். எது முன்னால் எது பின்னால் என்று நொடிக்கு நொடி தீர்ப்பு மாறும். மூன்று மில்லிமீட்டர் விட்டால் மினுங்கல் நின்றுவிடுகிறது, பக்கவாட்டில் பார்த்தாலும் மிதப்பதாகத் தெரியவில்லை.

இதில் ஒரு நல்ல பலனும் இருந்தது. மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் பொட்டின் முதுகு கண்ணாடியில் தெரிந்து, பொட்டுக்குப் பின்னால் இன்னொரு பொட்டு இருப்பது போல ஆகுமோ என்று பயந்தேன். ஆகவில்லை. தட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக்குள் இருந்து பார்க்கும் கேமராவுக்கு அதன் முதுகு மட்டுமே தெரிய வேண்டும், முதுகை விளையாட்டு வரைவதே இல்லை. அதனால் பொட்டு ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது.

நிறத்துக்கு டெக்ஸ்சரில் ஒரு சின்ன அரக்குச் சதுரம் வைத்து, எல்லாப் பொட்டின் யுவியையும், அதாவது படத்தின் எந்த இடம் எந்தப் பரப்பில் ஒட்டும் என்ற குறிப்பையும், அதற்குள் சுருக்கிப் போட்டேன். பொட்டு சின்னது என்பதற்காக அந்தச் சதுரத்தையும் நாலைந்து பிக்சலில் முடித்துவிடக் கூடாது. டிஎக்ஸ்டி5 என்ற படச் சுருக்க முறை படத்தை 4×4 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு முனை நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அவற்றின் கலவையாக ஈடுகட்டும். அரக்கும் சாம்பலும் ஒரே கட்டத்தில் விழுந்தால் பொட்டு ஊறப்போட்ட பாக்கு நிறத்தில் வரும். அதோடு, தூரத்துக்குத் தக்கபடி படம் பாதி பாதியாகச் சுருக்கப்படும். 32×32 அளவில், முப்பத்திரண்டின் மடங்காக வரும் இடத்தில் வைத்தால், மூன்று முறை பாதியானாலும் ஒரு முழுக் கட்டம் மிஞ்சும்.

இந்த அரக்கு நிறம் ஓவர்லே படத்தில், அதாவது மாறாத நிறங்களை மேலே பூசும் படத்தில், போக வேண்டும். சிம்ஸ் 3-இல் விளையாடுபவர் மாற்றக்கூடிய நிறங்களை மாஸ்க் என்ற படம் தீர்மானிக்கிறது: அதில் சிவப்பாக இருக்கும் இடம் ஒரு பேட்டர்ன், பச்சையாக இருக்கும் இடம் இன்னொன்று. நான் பெயிண்டைச் சிவப்பிலும் கைப்பிடியைப் பச்சையிலும் வைத்தேன். பொட்டும் ரசம் போன மூலையும் பட்டையும் மாஸ்க்கில் கறுப்பு, அதாவது யாரும் தொட முடியாது. இல்லையென்றால் பீரோவைப் பச்சையாக்குகிறவர் வீட்டில் பொட்டும் பச்சையாகிவிடும்.

நிழலும் வெளிச்சமும் மல்டிப்ளையர் படத்தில். பிளெண்டரில் ஆம்பியன்ட் அக்லூஷனை, அதாவது மூலைமுடுக்குகளில் விழும் மெல்லிய நிழலை, படமாகச் சுட்டு எடுத்து, அதன் மேல் சுத்தியல் தட்டின மாதிரி இருக்கும் அந்த பெயிண்டின் சொரசொரப்பை மெல்லிய புள்ளிகளாகத் தூவினேன். மேடுபள்ளம் இருப்பது போலக் காட்டும் நார்மல் மேப் போடவில்லை. அந்தத் தூரத்தில் அதற்குக் கூலி கட்டாது.

ஸ்பெக்குலர் படத்தில்தான் அதிகம் விளையாடினேன். அதன் சிவப்பு, பச்சை, நீல வண்ணத் தடங்கள் விளக்கு பட்டு வரும் பளபளப்பின் நிறத்தையும் பலத்தையும் சொல்கின்றன. நான்காவது தடமான ஆல்பாவை வெளுப்பாக்க வெளுப்பாக்கப் பரப்பு உலோகத்தை நெருங்குகிறது. கைப்பிடிக்கு ஏறக்குறைய வெள்ளை. பெயிண்டுக்கு நடுச் சாம்பலை விட இருட்டு; அதிலும் கைப்பிடியைச் சுற்றி, தினமும் கை படும் இடத்தில், இன்னும் கொஞ்சம் வெளுப்பு. இரும்பு பீரோவில் கை படும் இடம் மட்டும் வழவழவென்று ஆகியிருக்கும், கவனித்திருப்பீர்கள். கதவின் கீழ்ப்பகுதி, ஈரத் துணி பட்டுப் பட்டு மங்கின இடம், கிட்டத்தட்டக் கறுப்பு. இத்தனைக்கும் பிறகு நிறம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் பீரோ புதுசாகத் தெரியவில்லை. முதலில் முழு உடம்புக்கும் ஒரே அளவு ஆல்பா வைத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் டப்பா போல இருந்தது.

படங்களின் அளவில் கஞ்சத்தனம் நல்லது. 1024×1024 டிஎக்ஸ்டி5 படம் ஒரு எம்பி, சுருக்கப் படிகளோடு சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். விண்டோஸில் சிம்ஸ் 3 ஒரு 32 பிட் நிரல். எவ்வளவு நினைவகம் மாட்டினாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கை எட்டாது. போதாததற்குக் கண்ணாடி இருக்கும் அறை இரண்டு முறை வரையப்படுகிறது. ஆகவே மாஸ்க்கையும் ஓவர்லேயையும் 512-க்கு இறக்கிவிட்டேன், வித்தியாசமே தெரியவில்லை. மல்டிப்ளையர் மட்டும் 1024. கேமரா தூரத்தில் இருக்கும்போது விளையாட்டு பயன்படுத்தும் எளிய மெஷ்ஷில் பொட்டையும் சாவித் துவாரத்தையும் எடுத்துவிட்டேன், ரசம் போன மூலையை மட்டும் வைத்தேன். அதை எடுத்தால், கேமரா பின்வாங்கும்போது மூலை திடீரென்று குணமாகிவிடுவது கண்ணில் படுகிறது.

கடைசியாக மேல்தட்டு. பீரோ என்றால் மேலே ஒரு சூட்கேஸ் இருக்க வேண்டும், அதன் மேல் சுருட்டின பாய் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பொருளின் மேல் இன்னொன்றை வைப்பதற்கான இடங்கள் ஆர்எஸ்எல்டி பகுதியில் குறிக்கப்பட்டிருக்கும். நிலைக்கண்ணாடிக்கு யாரும் மேலே எதையும் வைக்க மாட்டார்கள் என்பதால் அதில் ஒன்றும் கிடையாது. அதைக் கையால் எழுதிச் சேர்ப்பதற்குப் பதில் சூட்கேஸையும் பாயையும் உடம்பிலேயே சேர்த்துச் செய்து, மாஸ்க்கில் நீலத் தடத்தைக் கொடுத்துவிட்டேன். சூட்கேஸின் நிறத்தைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். மேலே ஒன்றும் வேண்டாம் என்பவர்களுக்கு வெறும் பீரோ தனிக் கோப்பாக இருக்கிறது. அதையும் புதிதாகக் குளோன் எடுத்துத்தான் செய்தேன், இரண்டின் அடையாள எண்களும் வேறு. மாட்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் பேக்கேஜஸில் இரண்டையும் ஒன்றாகப் போட்டாலும் மோதிக்கொள்ளாது.